காய்ச்சலில் படுக்க ஒரு ஊர்

மாத்தளையை விட்டு வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு ஏக்கம் வைத்திருப்பார்கள். ஒருவருக்குக் கித்துள் கருப்பட்டி. ஒருவருக்கு ரிவர்ஸ்டன் பக்கமிருந்து இறங்குகிற மூட்டம். என் அத்தை மகன் ஒருத்தனுக்கு, மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் கோவிலின் ஐந்து தேரும் மாத்தளைக் கடைத்தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை இன்னொரு தரம் பார்த்துவிட வேண்டும். எனக்கு இருக்கிற ஆசையை வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள். ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துக் கிடக்க வேண்டும்.

கோத்தகிரிக்கு வந்த பிறகு காய்ச்சல் வராமல் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மாத்திரைக்கும் பஞ்சமில்லை, கேட்டால் ஆலோசனை சொல்ல டாக்டருக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் அந்தக் காய்ச்சல் வேறு, இந்தக் காய்ச்சல் வேறு. இங்கே உடம்பு கொதிக்க ஆரம்பித்ததும் மனம் கணக்குப் போட உட்கார்ந்துவிடுகிறது. ராத்திரி அதிகமானால் யாருக்குப் போன் செய்வது? செய்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுப்பதா, நாளைக்கு உடைக்க வேண்டியிருக்குமே என்று போடாமல் படுப்பதா? இப்படிக் கணக்குப் போடுகிற மூளையோடு படுத்தவளுக்குக் காய்ச்சல் எங்கே விடும்?

லயத்தில் இந்தக் கணக்கு கிடையாது. காரணம் அன்பு என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் முதல் காரணம் சுவர். காம்பிராவுக்குக் காம்பிரா, அதாவது அறைக்கு அறை, நடுவில் எழுப்பிய சுவர் கூரையைத் தொடாது. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடைவெளி வழியாக ஒரு வீட்டுப் புகை, ஒரு வீட்டுச் சண்டை, ஒரு வீட்டு இருமல் எல்லாம் வரிசை முழுக்கப் போகும். வெள்ளைக்காரன் செங்கல் மிச்சம் பிடிக்கக் கட்டியது அது. அதனால் ராத்திரி நான் முனகினால் மூன்றாவது காம்பிராவில் இருக்கிற கிழவி, "யாருக்குடி அங்க சொகமில்ல?" என்று படுத்த இடத்திலிருந்தே கேட்பாள். விடிவதற்குள் கொத்தமல்லி அவித்து வந்திருக்கும். அதில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தால் அது மேல் வீட்டு வைத்தியம்; பற்படாகமும் கண்டங்கத்தரியும் மரமஞ்சளும் சேர்ந்திருந்தால், கீழே சிங்களக் கிராமத்திலிருந்து பழகிக்கொண்ட பஸ்பாங்குவ.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போன அம்மாவின் பக்கத்தில் அதைவிடப் பெரிய காரியம் நடக்கும். காய்ச்சல்காரப் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு மலையேறுகிறவளுக்குக் கை ஓடாது. சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும், கூலி பாதியாகிவிடும். அன்றைக்குப் பக்கத்து நிரையில் எடுக்கிற பெண்கள், கங்காணி கண்ணைத் திருப்புகிற நேரமாகப் பார்த்து ஆளுக்கு இரண்டு கை கொழுந்தை அம்மாவின் கூடையில் போடுவார்கள். அம்மாவுக்கு முழுப்பேர் விழும். இதை உதவி என்று யாரும் சொன்னதில்லை, நன்றி என்றும் யாரும் சொன்னதில்லை. அடுத்த வாரம் அம்மாவின் கை இன்னொருத்தியின் கூடைக்குப் போகும். ஒருத்தி நிறுவைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டால் அத்தனை பேருக்கும் வினை. சொன்னதில்லை.

நிலைமை மோசமானால் கம்பளி. கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்குப் போட்டுக்கொள்கிற அதே முரட்டுக் கம்பளிதான். இரண்டு முனையையும் மூங்கில் கழியில் கட்டி, நோயாளியை நடுவில் கிடத்தி, நாலு பேர் தோள் மாற்றிக்கொண்டு மலையிறக்கத்தில் ரத்தோட்டை வரைக்கும் தூக்கிப் போவார்கள். என் அண்ணனுக்குக் குடல்வால் வெடிக்கப் போன அன்று தூக்கியவர்களில் ஒருவர், அப்பாவோடு பல வருஷம் பேச்சில்லாதவர். தொழிற்சங்கத்தில் வேறு கட்சி. மலை இறங்கும்போதும் பேசவில்லை, ஆஸ்பத்திரி வாசலிலும் பேசவில்லை, அண்ணன் பிழைத்து வந்த பிறகும் பேசவில்லை. ஆனால் இன்னொரு தடவை கம்பளி கட்ட வேண்டியிருந்தால் வருவார் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. நம்பிக்கைக்குப் பிரியம் வேண்டியதில்லை என்று நான் தெரிந்துகொண்டது அந்த மனிதரிடம்தான்.

கிராமத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை கால் பிசகினால் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு யாரும் போக மாட்டோம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்கள வைத்தியர் வெதமாத்தயாவிடம் போவோம். முறிந்த எலும்பைத் தடவிப் பார்த்தே கண்டுபிடிப்பார். எண்ணெய் போட்டு, பச்சிலை வைத்து, மட்டை கட்டி அனுப்புவார். கட்டணம் என்று ஒன்று கிடையாது; ஒரு கட்டு வெற்றிலைக்குள் முடிந்ததைச் சொருகிக் கொடுக்க வேண்டும். வெற்றிலையை வாங்கி அப்படியே வைத்துவிடுவார், எங்கள் கண் முன்னால் பிரித்துப் பார்க்க மாட்டார். அம்மாவை 'அக்கே' என்பார். அம்மைக் காலத்தில் எங்கள் வாசலில் தொங்கிய வேப்பிலை அவர்கள் வாசலிலும் தொங்கும். எங்களுக்கு அது மாரி, அவர்களுக்கு அது பத்தினித் தெய்வம். மாரிக்கு நேர்ந்துகொண்டு மாத்தளைக் கோவிலுக்கு வருகிற சிங்களத் தாய்மார்களுக்கும் குறைவில்லை. 1973, 74-ல் அரிசியும் மாவும் இல்லாமல் தோட்டங்களில் பசிச் சாவுகள் விழுந்தபோது எங்கள் லயத்தைத் தாங்கியது கிராமத்துத் தோட்டங்களில் காய்த்த பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும். சும்மா கொடுத்தவர்களும் உண்டு, கடனுக்குக் கொடுத்தவர்களும் உண்டு, அம்மாவின் மூக்குத்தியை வாங்கிக்கொண்டு கொடுத்தவர்களும் உண்டு.

இதற்கு மேல் எழுதினால் தேன் ஒழுகத் தொடங்கிவிடும் என்பதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆரோக்கியமாக இல்லை. கொக்கிப்புழு இல்லாத குழந்தை அபூர்வம். கொழுந்தெடுக்கும் பெண்களின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளுத்துக் கிடக்கும், அத்தனை சோகை. அந்த எழுபதுகளில் தோட்டத்துக் குழந்தைகளின் மரண விகிதம் நாட்டின் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அம்மாவுக்கே இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. டிஸ்பென்சரியில் எல்லா நோய்க்கும் ஒரே நிற மிக்சர். போத்தலை நாமே கொண்டு போக வேண்டும். லயங்களும் சாதி பார்த்துத்தான் பிரிந்திருந்தன. என் அப்பாயி கீழ் லயத்துத் தேத்தண்ணியைத் தொட மாட்டாள். காய்ச்சலில் நினைவு தப்பியபோது மட்டும் கீழ் லயத்துப் பெண் ஊட்டிய கஞ்சியைக் குடித்தாள். எழுந்து உட்கார்ந்ததும் பழையபடி. சயரோகம் வந்தவர்களை மறைத்து வைத்தோம். ஒரு குமரிப் பெண்ணுக்கு மாதம் தள்ளிப்போனால் அடுத்த வாரம் அது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பேச்சு. கூரையைத் தொடாத சுவர் எதையும் மறைக்கவும் விடாது.

அப்படியானால் அந்த நம்பிக்கையால் உடம்புக்கு என்ன லாபம்? நர்ஸ் படிப்பு படித்த பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பெனிசில்வேனியாவில் ரோசெட்டோ என்று ஒரு சின்ன ஊர். இத்தாலியின் ஏழைக் கிராமம் ஒன்றிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கப்பலேறிப் போனவர்கள், கற்சுரங்கத்தில் பலகைக்கல் உடைக்கும் கூலிகளாக இருந்து எழுப்பிய ஊர். எங்கள் கதைதான், மலை மட்டும் வேறு. 1960-களில் ஸ்டூவர்ட் வுல்ஃப் என்ற மருத்துவர் அங்கே போய்ப் பார்த்தார். பன்றிக் கொழுப்பில் பொரித்துத் தின்கிறார்கள், சுருட்டுப் பிடிக்கிறார்கள், குடிக்கிறார்கள். ஆனால் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் சாவது பக்கத்து ஊரான பாங்கரைவிட மிகக் குறைவு. இரண்டு ஊருக்கும் ஒரே தண்ணீர், ஒரே டாக்டர்கள். வுல்ஃபும் அவரோடு வேலை செய்த ஜான் புரூனும் கண்டது, மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருப்பதும், பணக்காரன் பகட்டாமல் இருப்பதும், ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு ஊரே நிற்பதும்தான். இளையவர்கள் தனி வீடு, வேலி, பெரிய கார் என்று போனால் இந்தப் பாதுகாப்பும் போய்விடும் என்று அவர்கள் முன்கூட்டியே எழுதினார்கள். 1970-களில் ரோசெட்டோவின் மாரடைப்புக் கணக்கு பாங்கரை எட்டிப் பிடித்தது.

ரோசெட்டோக்காரர்களுக்கு வயிறு நிறைந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. கொக்கிப்புழுவுக்குக் கூட்டுறவு மருந்தாகாது. சோகைக்கு இரும்புச்சத்துதான் வேண்டும், அக்கம்பக்கம் போதாது. எங்களுக்குக் கிடைத்த லாபம் ஒன்றே ஒன்று. தூங்கினோம். அந்த ஈரத்தரையில், அந்தப் புகையில், அரைவயிற்றோடு நன்றாகத் தூங்கினோம். தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் இறங்க வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது. இறங்காதவர்களுக்கு இதயமும் சிறுநீரகமும் சீக்கிரம் தேயும். இறங்குவதற்கு முதல் தேவை, இன்று ராத்திரி ஒன்றும் ஆகாது என்று உடம்பு நம்புவது. புத்தி நம்பினால் போதாது.

எங்கள் முன்னோர் மாத்தளைக்கு வந்ததே ஒரு நம்பிக்கையின் பேரில்தான், அது ஏமாற்றிய நம்பிக்கை. கோப்பிக் காலத்தில், ஊர்க்காரன், சாதிக்காரன் என்று கங்காணியை நம்பி முன்பணம் வாங்கிக்கொண்டு தோணி ஏறினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மலை தொடங்கும் இடம் மாத்தளை. பிழைத்து வந்து சேர்ந்தவர்கள் களைப்பாறிய இடத்தில் மரத்தடியில் கும்பிட்ட அம்மன்தான் பிறகு 108 அடிக் கோபுரம் எழும்பிய முத்துமாரியம்மன் என்று சொல்வார்கள். கடனோடு ஆளையும் கைமாற்றுகிற துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. லயத்தில் பார்த்த நம்பிக்கை மலையில் தானாக முளைத்ததில்லை. அந்தப் பாதையில் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டு வந்த பயத்தில் பிறந்தது என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான்.

1977 ஆகஸ்டில், தமிழர்களைத் தாக்கிய கலவரத்தில், முதல் தடவை லயத்தை விட்டு ஓடினோம். தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே இரண்டு ராத்திரி. திரும்பி வந்தபோது சட்டி பானை இல்லை, கோழி இல்லை, அப்பாவின் ரேடியோ இல்லை. எடுத்துப் போனவர்களில் சிலருடைய முகம் தெரிந்த முகம். அதற்குப் பிறகும் அங்கேயே ஆறு வருஷம் இருந்தோம், எங்கே போவது? சித்தப்பா குடும்பம் மட்டும் வவுனியாப் பக்கம் போய்விட்டது. மலையிலிருந்து ஓடி வந்தவர்களுக்குக் காந்தியம் அமைப்பு அங்கே குடியிருக்க வழி செய்துகொடுத்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டாக்டர் ராஜசுந்தரம். குழந்தைகளுக்குப் பாலர் பள்ளி, நோயாளிகளுக்கு வைத்தியம் என்று அலைந்த மனிதர் என்று சித்தப்பா சொல்வார். 1983 ஜூலை 27-ல் வெலிக்கடைச் சிறைக்குள் வைத்து அவரை அடித்துக் கொன்றார்கள். நோயாளிகள் நம்பிய டாக்டர் அரசின் பொறுப்பில் இருக்கும்போது செத்தார் என்றால், கேட்கிறவர்கள் பிறகு எந்த ஆஸ்பத்திரியை நம்புவார்கள்?

அதே ஜூலைக் கலவரத்தில் மாத்தளை எரிந்தது. கடைகள் எரிந்தன, கோவில் எரிந்தது. எங்களை வெதமாத்தயா தன் வீட்டுப் பின்கட்டில், மருந்து இடிக்கிற அறையில் வைத்தார். "பய வென்ன எப்பா, அக்கே", பயப்படாதே அக்கா, என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வாசலில் கத்தியோடு வந்தவர்களிடம், இங்கே நோயாளிகள்தான் இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். அவர் இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை.

இந்தக் கதையைச் சொன்னால் கேட்பவர்கள் கண் கலங்கி, மனிதம் சாகவில்லை என்பார்கள். எனக்கு அங்கே ஒரு சங்கடம் உண்டு. அந்த அறையிலிருந்து திரும்பி வந்த பிறகு அம்மா தூங்கவில்லை. நல்லவர் ஒருவர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும், அவரைத் தெய்வமாகத்தான் நினைத்தாள். ஆனால் நாய் குரைத்தால் எழுந்து உட்காருவாள். ரோட்டில் லொறி சத்தம் கேட்டால் எங்கள் எல்லோரையும் எழுப்பிச் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லுவாள். நாற்பது வயதுக்குள் தலை கிறுகிறுப்பு, பிடரி வலி. ரத்தோட்டையில் கட்டிப் பார்த்து, பிரஷர் என்றார்கள். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

1997-ல் ஹார்வர்டைச் சேர்ந்த இச்சிரோ கவாச்சி என்பவரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 39 மாநிலங்களை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு மக்கள் கொடுத்த பதிலை எடுத்து, மாநிலத்தின் இறப்பு விகிதத்தோடு ஒப்பிட்டார்கள். நம்ப முடியாது என்று சொல்பவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் சாவும் அதிகம். எது காரணம், எது விளைவு என்று அதற்குப் பிறகு எத்தனையோ வாதங்கள் நடந்துவிட்டன. எனக்கு அந்தக் கேள்வியின் வாசகம்தான் முக்கியமாகப் பட்டது. வெதமாத்தயாவை நம்புகிறாயா என்று கேட்டால் அம்மா உயிரைக் கொடுத்து நம்புகிறேன் என்றிருப்பாள். பெரும்பாலான மனிதர்களை நம்புகிறாயா என்று கேட்டிருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். தெரிந்தவரை நம்புவதால் உயிர் தப்பலாம். தூக்கம் வருவதற்குத் தெரியாதவர்களையும் கொஞ்சம் நம்ப வேண்டியிருக்கிறது.

1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். அப்பா இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து வைத்துவிட்டு, போகிறேன் போகிறேன் என்று வருஷங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். 1984-ல் தலைமன்னார்க் கப்பல் நிற்பதற்குச் சற்று முன்பு ஏறிவிட்டோம். வெதமாத்தயா மாத்தளை ரயில் நிலையம் வரைக்கும் வந்து, ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்தார். மண்டபம் முகாமில் இறங்கிய கையோடு, எங்கள் பக்கத்து மாவட்டம், எங்கள் பேச்சு என்று சொல்லி ஒட்டிக்கொண்ட தரகர் ஒருவர், அரசு கொடுத்த வியாபாரக் கடனில் பாதியை வாங்கிக்கொண்டு மறைந்தார். நூறு வருஷத்துக்கு முந்திய கங்காணியின் பேரன் போல இருந்தார். கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. வீடு கிடைத்தது. இந்த வீட்டின் சுவர் கூரையைத் தொட்டது. இந்தப் பக்கம் பதுளைக்காரர்கள், அந்தப் பக்கம் அப்புத்தளைக்காரர்கள்; எல்லோரும் எதையாவது பார்த்துவிட்டு வந்தவர்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை. அம்மா அங்கே இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தாள். பிரஷர் மாத்திரையை நான்தான் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். வலது பக்கம் விழுந்துபோய்ப் படுத்தபோது கம்பளி கட்ட ஆள் வேண்டியிருக்கவில்லை, ஆம்புலன்ஸ் வந்தது.

வார்டில் வேலை பார்த்த வருஷங்களில் என் கண் போனது எப்போதும் துணையாளின் ஸ்டூலுக்குத்தான். காலியாக இருக்கிற ஸ்டூலைப் பார்த்தாலே அந்தக் கட்டிலில் காயம் ஆறத் தாமதமாகும் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடும். அறிவியல் ஒன்றுமில்லை, பழக்கம். இப்போது நானே நோயாளியாகப் போகும்போது இன்னொரு நோய் எனக்கும் தொற்றியிருப்பது தெரிகிறது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், இது தேவைதானா, மெஷினுக்குப் போட்ட பணத்தை எடுக்கிறார்களா என்று நினைக்கிறேன். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போகிறேன். அவர் வேறு ஒன்று சொல்கிறார். இரண்டு பேரையும் நம்பாமல், போனில் தேடிப் படித்து நானே பாதி மாத்திரையை முறித்துப் போட்டுக்கொள்கிறேன். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவளே இப்படி என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வெற்றிலைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் வைத்த அந்தக் கையை நினைக்கும்போது இங்கே பில் கவுண்டரில் நிற்கவே கால் கூசுகிறது.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். மாத்தளை மாறித்தான் போயிருக்கிறது. சாலையோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் என்று பலகை வைத்து, வெள்ளைக்காரர்களுக்கு மூலிகைத் தைலம் தடவி, முடி உதிர்க்கும் களிம்பு தங்க விலைக்கு விற்கிறார்கள். எங்கள் லயத்தில் பாதிக் காம்பிரா பூட்டிக் கிடக்கிறது. பையன்கள் கொழும்பில் கடைகளில், பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளில், இன்னும் சிலர் வளைகுடாவில். வெதமாத்தயா செத்துப் போயிருந்தார். அவருடைய வீட்டிலும் ஒரு படம் மாலையோடு தொங்கியது, 1989-ல், சிங்கள இளைஞர் கிளர்ச்சியை அரசு அடக்கிய நாட்களில், கூட்டிப் போய்த் திரும்பி வராத மகன். எங்களை விரட்டிய பயம் ஐந்தாறு வருஷத்தில் அவர்களுடைய கிராமத்துக்கும் வந்து, அவர்களுடைய பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அண்டை வீட்டுக்காரனே காட்டிக்கொடுத்தான் என்று அவருடைய மருமகள் சொன்னாள். சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள். ஓடைக்கு இந்தப் பக்கம் நாங்கள் தாழ்த்திய அதே அளவு.

2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளாகத்தில் சாண எரிவாயுக் கலனுக்குக் குழி தோண்டியபோது எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள். தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ, அவை எண்பதுகளின் பிற்பகுதியைச் சேர்ந்தவை என்று கணித்தார். அதை மறுத்து அவை மிகப் பழையவை என்று சொல்லும் கணிப்பும் பின்னால் வந்தது. மகன்களைத் தொலைத்த தாய்மார்கள் வாசலில் வந்து நின்றார்கள். குணப்படுத்தும் இடத்தின் அடியில் யார் கிடக்கிறார்கள் என்பதே தெரியாத ஊரில் ஊசி போட்டுக்கொள்ளக் கையை நீட்டுவது எப்படி என்று கோத்தகிரியில் செய்தியைப் படித்துவிட்டு நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2019-ல் பக்கத்துக் குருநாகலில் டாக்டர் ஷாபி சிஹாப்தீன் என்ற முஸ்லிம் மருத்துவர் சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்று பத்திரிகையில் வந்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் புகார் எழுதிக் கொடுத்தார்கள். விசாரித்த சிஐடி ஆதாரம் இல்லை என்றது. வேலை இழந்து, சிறையிருந்து, பிறகு நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது, 2022-ன் மருந்துத் தட்டுப்பாட்டில் அந்த இருபத்தாறு லட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாயை மருந்து வாங்கவே அவர் கொடுத்துவிட்டார். அந்தப் பெண்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தை தங்காத ஏக்கத்தில் கிடந்தவளிடம் உன் வயிற்றை ஒருவன் கெடுத்துவிட்டான் என்று சொன்னால், நம்பத்தான் தோன்றும். பயந்த ஊரில் கெட்ட செய்திக்குச் சாட்சி வேண்டியதில்லை.

அண்ணன் அங்கேயே தங்கிவிட்டவன்; அவன் மகளுக்குச் சென்ற வருஷம் தலைப்பிரசவம். எலும்பு வந்த ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மதினியும் அதற்கு ஒத்து ஊதினாள். அந்தப் பகுதியைப் பார்க்கிற மிட்வைஃப் மிஸ் ஒரு சிங்களப் பெண், உக்குவளைப் பக்கம். லயத்துக்கு ஏறி வந்து, தோட்டத்துத் தமிழில் திட்டி, எடையைப் பார்த்து, திரிபோஷ மாவை நீ தின்கிறாயா உன் புருஷன் தின்கிறானா என்று விசாரித்துவிட்டுப் போகிற ஆள். தோட்டத்துச் சுகாதாரத்தைத் தொண்ணூறுகளிலிருந்து மெல்ல மெல்ல அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டதில் இந்த ஏற்பாடு எங்கள் லயம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு மிட்வைஃபுக்கு இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் பேர், வீடு வீடாக, காசில்லாமல். தெற்காசியாவில் பிரசவத்தில் தாய் சாவது மிகக் குறைந்த நாடுகளில் இலங்கை இருப்பதற்கு இந்த நடைக்காரிகள் பெரிய காரணம். மிஸ் முதல் நாளே போய் வார்டில் சொல்லி வைத்துவிட்டு வந்து கூட்டிப் போயிருக்கிறாள்.

போனில் பேசினேன். பயமில்லையாடி என்றேன்.

"எதுக்குப் பயம் அத்தே? மிஸ் நம்பர் இருக்கே."

"அவளுக்கு மாற்றல் வந்துட்டா?"

"வேற மிஸ் வருவாங்க."

இவ்வளவு சுலபமாக அவள் சொன்னது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. எங்களுக்கு ஒருவர் போனால் இன்னொருவர் இல்லை. வெதமாத்தயாவுக்குப் பதில் வெதமாத்தயா கிடையாது. அதனால்தான் அவர் இருந்தும் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. இவளுடையது வேறு சாதி நம்பிக்கை, பெயர் தெரியாத அடுத்த மிஸ்ஸையும் சேர்த்து நம்புகிறாள். நான் ஏங்குவது இதற்கில்லை. கூடையில் விழுந்த இரண்டு கைக் கொழுந்துக்கு இது ஈடாகுமா என்றால், எனக்கு ஆகாது. அவளுக்கு அந்தக் கூடையே தெரியாது, ஹீமோகுளோபின் பன்னிரண்டு என்று பெருமையாகச் சொல்கிறாள். அந்த மலையில் அவளுடைய பாட்டிக்கும் எனக்கும் வராத எண் அது.

குழந்தை யார் ஜாடை என்று கேட்பதற்குள் மதினி போனைப் பிடுங்கிக்கொண்டாள். மிளகும் ஏலமும் சாதிக்காயும் விளைகிற மாத்தளையில், பிள்ளை பெற்றவளுக்குக் காயம் அரைக்கச் சாமான் வாங்கப் போனால் விலை கேட்கவே முடியவில்லையாம். பக்கத்துக் கட்டில்காரியின் அம்மா பஸ்பாங்குவ கொடுத்தாளாம், தலைப்பிள்ளை பெற்ற உடம்புக்கு அது சூடா குளிர்ச்சியா என்று கேட்டாள். கொடுக்கலாம் என்றேன். நர்ஸம்மாவுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டில்காரியின் அம்மாவிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டாள்.